கெர்னல் மாறிய மறுநாள்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் கணினிகள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வார இறுதிக்குள் அதே தொல்லை சென்னைக்கு அருகே ஒரகடத்துக்கும் வந்து சேர்ந்தது. பிரான்ஸ், பிரிட்டன், ருமேனியா என்று பல நாடுகளில் ரெனோ–நிசான் கூட்டணியின் ஆலைகள் பாதிக்கப்பட்டபோது இங்கிருந்த ஆலையும் தப்பவில்லை. வான்னாக்ரை என்ற அந்த ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டு ஒரு கணினிக்கு 300 டாலர் என்று பிட்காயினில் கேட்டது. கேட்ட தொகை சின்னது. அசெம்பிளி லைன் நின்றால் ஆகிற நஷ்டம் அப்படிப்பட்டதல்ல.

செய்தி சில நாளில் பழசாகிவிட்டது. ஆனால் அதன் பின்விளைவு ஒன்று, இந்தப் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் உட்பட உலகெங்கும் லினக்ஸ் வைத்திருந்தவர்களை அடுத்த ஆண்டு வரை துரத்தியது. வான்னாக்ரை ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவிய வழி மின்னஞ்சல் அல்ல. கணினிகள் தங்களுக்குள் ஃபோல்டர்களைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டைதான் அதன் வழி. அந்தப் பழைய பதிப்பை ஓரங்கட்ட எடுத்த முடிவுகளில் ஒன்று லினக்ஸ் கெர்னலின் 4.13ஆம் பதிப்பில் சேர்ந்து 2017 செப்டம்பர் 3 அன்று வெளியானது. நோய் விண்டோஸுக்கு வந்தது, பத்தியம் லினக்ஸ்காரர்களுக்கும் சேர்த்து விதிக்கப்பட்டது. கெர்னலை அப்டேட் செய்த மறுநாள் "கோப்பு எதுவும் சிங்க் ஆகலையே" என்று யாராவது சொன்னால் எங்கே தேட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

திரையில் நாம் பார்க்கும் எந்தச் செயலியும் வட்டைத் தானே தொடுவதில்லை. கோப்பைத் திறப்பது, எழுதுவது, வலையில் அனுப்புவது, மணி பார்ப்பது எல்லாமே இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலிடம் கேட்டு நடப்பவை. ஒத்திசைவுச் செயலி மற்றவற்றைவிடக் கெர்னலை அதிகமாக நம்பியிருக்கிறது. இந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது, இதன் பெயர் என்ன, ஏதாவது மாறினால் எனக்குச் சொல்வாயா, பக்கத்து மெஷினின் ஃபோல்டரை இங்கே காட்டுவாயா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில்களில் ஒன்று லேசாக மாறினாலும் அது தடுமாறும். கெர்னலைப் பொறுத்தவரை எதுவும் கெட்டுப்போயிருக்காது.

எஸ்எம்பிக்கு வயது அதிகம். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் கையில் வளர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளும் துணைக் கட்டளைகளும் கொண்ட பெரிய குவியலாக ஆனது. விஸ்டா இயங்குதளத்தோடு 2006இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தக் குவியலை 19 கட்டளைகளாகச் சுருக்கினார்கள். விண்டோஸ் 7 பேசுவது 2.1, விண்டோஸ் 8 பேசுவது 3.0. விண்டோஸ் எக்ஸ்பிக்கு முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. மைக்ரோசாஃப்டில் இந்தப் பகுதியைக் கவனித்த நெட் பைல், முதல் பதிப்பைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று 2016 செப்டம்பரிலேயே எழுதினார். ஓட்டையை அடைக்கும் திருத்தமும் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மே மாதம் மாட்டினார்கள். மாட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வைத்திருந்தது எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. இதைச் சொல்லக் காரணம், இந்தக் கதையில் எக்ஸ்பிக்கு இருக்க வேண்டியதைவிடக் கெட்ட பெயர் அதிகம்.

லினக்ஸ் கெர்னலில் இந்த நெறிமுறையைப் பராமரிப்பவர் ஸ்டீவ் ஃபிரெஞ்ச். வான்னாக்ரை அமளிக்குப் பிறகு அவர் செய்த மாற்றம் சிறியது. பயனர் எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் இதுவரை முதல் பதிப்பில் பேசிவந்த கெர்னல், இனி 3.0இல் பேசும். 4.13ஐ வெளியிட்ட அறிவிப்பில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சிறுநீரகக் கல்லோடு அந்த வாரம் பட்ட பாட்டைச் சொன்னதோடு, இந்த மாற்றத்தையும் தனியாகக் குறிப்பிட்டு எச்சரித்தார். பழைய பதிப்பை யாரும் பயன்படுத்தியிருக்கவே கூடாது, ஆகையால் யாரையும் பாதிக்கக் கூடாது, ஆனாலும் நிச்சயம் சிலரைப் பாதிக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். பயனர் செயலிகளை உடைக்கக் கூடாது என்பதில் பிடிவாதமானவர் அவர். தெரிந்தே இப்படி ஒரு விதிவிலக்கை அனுமதித்தார் என்றால் ஆபத்து அந்த அளவு.

இனி செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். ஏரிக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடத்தில் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இவற்றுக்கு நேரடியாகச் சப்ளை செய்யும் கம்பெனிகள், அந்தக் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் வெண்டர்கள் என்று படிப்படியாக இறங்கும் வரிசையில் நம் பட்டறை கடைசிப் படியில் இருக்கிறது. 2 விஎம்சி மில்லிங் மெஷின், 1 சிஎன்சி லேத். மெஷினோடு வந்த கணினியில் எக்ஸ்பி. அதை ஏன் மாற்றவில்லை என்று வெளியாட்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். மெஷினோடு பேசும் கார்டுக்கு எக்ஸ்பியில்தான் டிரைவர் இருக்கும். செய்து கொடுத்த கம்பெனி புது டிரைவர் எழுதியிருக்காது. மெஷின் 20 வருடம் உழைக்கும். இயங்குதளத்துக்கு அத்தனை ஆயுள் கிடையாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது, ஸ்பிண்டில் இன்னும் நன்றாகத்தான் சுற்றுகிறது.

மாடியில் டிசைன் பார்க்கும் அறையில் ஓர் உபுண்டு லினக்ஸ் கணினி. இரவு 11 மணிக்கு அது எக்ஸ்பி கணினியின் ஃபோல்டரைத் தன் சொந்த ஃபோல்டர்போல் இணைத்து (இதுதான் மவுன்ட்), அன்று திருத்திய புரோகிராம்களை அனுப்பிவிட்டு, மெஷினை அமைக்கும் செட்டர் அதன் பக்கத்திலேயே செய்த திருத்தங்களை வாங்கி பேக்கப்பில் வைக்கும். ஒரு புரோகிராம் சில கிலோபைட்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் டிராயிங்கின் ரிவிஷன் மாறி, அதற்கான புரோகிராம் மெஷினுக்குப் போய்ச் சேராவிட்டால், மறுநாள் முதல் ஷிஃப்டில் வெட்டிய அத்தனை ஜாபும் பழைய அளவில் இருக்கும். அத்தனையும் ரிஜெக்ட்.

இந்த மாதிரி உபுண்டு கணினிகளுக்குச் சோதனை வந்த காலம் 2018 ஜனவரி. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளியே தெரிந்து உலகமே பதறிய மாதம். உபுண்டு 16.04இல் புதிய வன்பொருளுக்கான கெர்னல் வரிசையை வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் 4.10க்குப் பதிலாக 4.13 கெர்னலோடு சேர்ந்து வந்தது. பிராசஸருக்காகப் போட்ட அப்டேட், நான்கு மாதத்துக்கு முந்தைய எஸ்எம்பி முடிவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பயனர் கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. கெர்னல் அப்டேட்டில் இதுதான் வழக்கம் என்பதால், அப்டேட்டின் பெயரை வைத்துக் காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் வழி தவறிவிடும்.

காலையில் திரையில் நின்ற பிழைச்செய்தி 'ஹோஸ்ட் இஸ் டவுன்', எண் 112. எதிர்முனைக் கணினி செயலிழந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே போய்ப் பார்த்தால் எக்ஸ்பி ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். பிங் கொடுத்தால் பதில் வரும். சுவிட்சை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், ஐபி முகவரியைச் சரிபார்ப்பார்கள். இந்த ஒரு செய்தியால் வீணான மனித நேரத்தை யாராவது கணக்கிட்டால் வான்னாக்ரையின் நஷ்டக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் நடப்பது இதுதான். எஸ்எம்பி முதல் பதிப்பில் ஒவ்வொரு பொட்டலமும் 255 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டில் தொடங்கும், அதை அடுத்து எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகள். இரண்டாம் பதிப்பு முதல் அந்த முதல் பைட் 254. புதிய கெர்னல் எடுத்த எடுப்பில் 254இல் தொடங்கும் பொட்டலத்தை அனுப்புகிறது. எக்ஸ்பி முதல் பைட்டைப் பார்க்கிறது, தனக்குத் தெரிந்த பேச்சு இல்லை என்று இணைப்பைத் துண்டிக்கிறது. "உங்கள் பதிப்பு எனக்குப் புரியவில்லை" என்று பதில் சொல்லக்கூட அதற்கு வழியில்லை, ஏனென்றால் அந்தப் பதிலை எந்தப் பதிப்பில் சொல்வது? கெர்னலுக்குத் தெரிவதெல்லாம், பேசத் தொடங்கியதும் எதிராளி போனை வைத்துவிட்டார் என்பது மட்டும். ஆகவே ஹோஸ்ட் டவுன். சின்ன வேடிக்கை, 4.13 நேராக 3.0இலேயே பேசியதால் 2.1 வரை தெரிந்த விண்டோஸ் 7 கணினிகளும் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அக்டோபரில் வந்த 4.13.5, 2.1 முதல் மேலே எது ஒத்துவருகிறதோ அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது.

செயலி காட்டும் செய்தியோடு நின்றுவிடாமல் கெர்னலின் சொந்தப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே கிடைத்திருக்கும். 'டிமெஸ்ஜி' என்ற கட்டளை அதைக் காட்டும். பதிப்பு எதுவும் குறிப்பிடவில்லை, இயல்புநிலை பாதுகாப்பான பதிப்புக்கு மாறியிருக்கிறது, பழைய சர்வர் என்றால் மவுன்ட் செய்யும்போது 'வெர்ஸ்=1.0' என்று குறிப்பிடு என்று கெர்னல் தன் பதிவேட்டில் ஏறக்குறையப் பாடமே நடத்தியிருக்கும். அதைக் குறிப்பிட்டால் பட்டறை மறுபடி ஓடும். ஆனால் மெஷின் கணினியும் இணையம் பார்க்கும் கணினியும் ஒரே வலையில் இருக்கும்போது அப்படிச் செய்வது, 2017இல் எந்தக் கதவு வழியாகத் தொல்லை வந்ததோ அதைத் தாழ் போடாமல் விடுவதுதான். எக்ஸ்பி கணினிகளைத் தனி சுவிட்சில் பிரித்து, உபுண்டு கணினி ஒன்று மட்டும் இரண்டு வலைகளையும் தொடும்படி இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டால் போதும், பெரிய செலவில்லை.

இதுவரை சொன்னது தொந்தரவு. இனி சொல்வது ஆபத்து.

லினக்ஸில் பக்கத்துக் கணினியின் ஃபோல்டரை மவுன்ட் செய்ய முதலில் நம் வட்டிலேயே ஒரு காலி ஃபோல்டர் வேண்டும். மவுன்ட் வெற்றி பெற்றால் எக்ஸ்பியின் கோப்புகள் அந்தக் காலி ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்து அதை மறைத்துக்கொள்ளும். தோற்றால் அந்தக் காலி ஃபோல்டர் அப்படியே தெரியும். அது பிழையே அல்ல, சட்டப்படி செல்லுபடியாகும் ஒரு ஃபோல்டர், உள்ளே எதுவும் இல்லை, அவ்வளவுதான். இப்போது இரவு 11 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. முதல் வரி மவுன்ட், அது தோற்கிறது. ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டாம் வரிக்குப் போகிறது. இரண்டாம் வரியில் கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் என்ற கருவி, கூடவே 'டிலீட்' என்ற விருப்பம். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று அதற்குப் பொருள். மூலத்தில் ஒன்றுமே இல்லை. எனவே நகலில் இருந்த அத்தனையும் போகிறது. வட்டைப் படிப்பதில் பிழை வந்தால் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும் புத்தி ஆர்சிங்குக்கு உண்டு, ஆனால் காலி ஃபோல்டரைப் படிப்பதில் பிழை ஏது? வேலை முடிந்ததும் வெற்றி என்றே அறிக்கை கொடுக்கும்.

எக்ஸ்பி அணைந்திருந்தாலும் உபுண்டு தடையின்றி எழ வேண்டும் என்று மவுன்ட் பட்டியலில் 'நோஃபெயில்' என்று போட்டு வைப்பது வழக்கம். வசதிக்காகச் செய்த அந்த ஏற்பாடே தோல்வியை மறைத்துவிடுகிறது. எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. பேக்கப் வட்டு ஓப்பன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கெர்னலின் மூலத்தோடு சேராமல் வெளியிலிருந்து வரும் மாட்யூல். புதிய கெர்னலுக்கு அதை மறுபடி கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பேக்கப் வட்டு மவுன்ட் ஆகாது, நகல்கள் எல்லாம் கணினியின் சொந்த வட்டில் போய்க் குவிந்து அதை நிரப்பிவிடும்.

தடுப்பது எளிது. மவுன்ட் வெற்றி பெற்றால் மட்டுமே அடுத்த வரி ஓடட்டும். எக்ஸ்பியின் ஃபோல்டருக்குள் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டால்தான் ஆர்சிங்க் தொடங்கட்டும். ஒரே ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு போட 'மேக்ஸ்-டிலீட்' என்ற விருப்பமும் இருக்கிறது. இவை மூன்றும் இல்லாத ஸ்கிரிப்டை பேக்கப் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஆர்சிங்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் இரண்டு முனைகளிலும் ஒரே ஆள் நிற்கிறார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், விண்டோஸின் எஸ்எம்பியை யூனிக்ஸ் கணினிகளும் பேச வைத்த சாம்பா திட்டத்தை 1992இல் தொடங்கினார். 1996இல் பால் மக்கெராஸோடு சேர்ந்து ஆர்சிங்கை வெளியிட்டார். மெதுவான தொலைபேசி இணைப்புகளின் காலம் அது. பெரிய கோப்பில் ஒரு வரி மாறினால் முழுக் கோப்பையும் ஏன் அனுப்ப வேண்டும் என்பது கேள்வி. பெறும் பக்கம் தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கெண்ணை அனுப்பும். அனுப்பும் பக்கம் தன் புதிய கோப்பில் அதே நீளமுள்ள சாளரத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்தி, கணக்கெண் ஒத்துப்போகும் இடங்களைத் தேடும். சாளரம் ஒரு பைட் நகர்ந்தால் முழுத் துண்டையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. வெளியே போன பைட்டைக் கழித்து உள்ளே வந்ததைச் சேர்த்தால் புதிய கணக்கெண் கிடைத்துவிடும்படி அதை அமைத்திருந்தார்கள். ஒத்துப்போகாத பகுதிகள் மட்டுமே கம்பியில் போகும். 1999இல் டிரிட்ஜலின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இது முக்கியப் பகுதி.

ஆனால் இந்த அழகான கணக்கு தொடங்குவதற்கு முன்பே ஆர்சிங்க் ஒரு குறுக்குவழி எடுக்கிறது. இரு பக்கமும் கோப்பின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் ஒன்றாக இருந்தால் கோப்பைத் திறந்தே பார்க்காது, மாறவில்லை என்று முடிவு கட்டிவிடும். அந்த நேரத்தைச் சொல்வது கெர்னல். கோளாறுகளில் கணிசமான பங்கு இந்த ஒரே புள்ளியில் நுழைகிறது.

பட்டறையில் பென் டிரைவும் மெமரி கார்டும் ஃபேட் என்ற பழைய கோப்பு முறைமையில்தான் இருக்கும், பழைய கன்ட்ரோலர்களுக்கு வேறு தெரியாது. ஃபேட், வினாடியை எழுத 5 பிட்தான் ஒதுக்கியது. 5 பிட்டில் 32 எண்கள்தான் அடங்கும், நிமிடத்துக்கோ 60 வினாடி. ஆகவே இரண்டிரண்டாக எண்ணுகிறது. 10:15:07க்குச் சேமித்த கோப்பு அங்கே 10:15:06 ஆகிவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை நானோவினாடி வரை எழுதும். ஒப்பிடும்போது ஒற்றைப்படை வினாடியில் சேமித்த கோப்புகள் எல்லாம் மாறிவிட்டதாகத் தெரியும், அதாவது ஏறக்குறையப் பாதி. ஆர்சிங்கில் ஒரு வினாடி விட்டுக்கொடு என்று சொன்னால் தீர்ந்தது.

இன்னொரு கோளாறை இந்தியாவில் கண்டுபிடிப்பது மற்ற பல நாடுகளைவிட எளிது. ஃபேட் எழுதுவது உள்ளூர் நேரம், லினக்ஸ் எழுதுவது உலகப் பொது நேரம். இரண்டுக்கும் நடுவில் மாற்றிக் கணக்கிடுவது கெர்னலின் டிரைவர். டிரைவர் மாறும்போதோ, கணினியின் நேர மண்டல அமைப்பு கலையும்போதோ, எல்லாக் கோப்புகளின் நேரமும் ஒரே சீராக நகர்ந்துவிடும். நமக்கு அந்த நகர்வு 5 மணி 30 நிமிடம், அதாவது 19,800 வினாடி. முழு மணிக்கணக்கில் வரும் வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்லலாம். பதிவேட்டில் 19,800 என்ற எண் தென்பட்டால் வேறெதையும் தேட வேண்டாம்.

கெர்னலின் கடிகாரமே சமீபத்தில் மாறியிருக்கிறது. நானோவினாடி என்று எழுதினாலும், கோப்பின் நேரத்தைக் கெர்னல் சில மில்லிவினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதிவந்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு கோப்பு இருமுறை மாறினால் இரண்டுக்கும் ஒரே நேரம்தான், வலைவழி பார்ப்பவருக்கு இரண்டாவது மாற்றம் தெரியாமலே போகும். கெர்னல் நிரலாளர் ஜெஃப் லேட்டன் இதைச் சரிசெய்ய முயன்ற முதல் வடிவம் 6.6 கெர்னல் தயாராகும்போது சேர்க்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது, ஏனென்றால் பிறகு மாறிய கோப்பு முன்பு மாறியதுபோல் தோன்றும் நிலை வந்தது. திருத்திய வடிவம் 2025 ஜனவரியில் வந்த 6.13இல்தான் நிலைத்தது.

மாற்றத்தை உடனுக்குடன் சொல்லும் இன்னோட்டிஃபை வசதி 2005இல் 2.6.13 கெர்னலோடு வந்தது. டிராப்பாக்ஸ், நெக்ஸ்ட்கிளவுட், சிங்க்திங் போன்றவை லினக்ஸில் இதை நம்பித்தான் வேகமாக இருக்கின்றன. இது ஒவ்வொரு துணைஃபோல்டருக்கும் தனித்தனிக் காவல் போடும், ஒரு பயனருக்கு நீண்ட காலம் 8,192 காவல்தான் என்று வரம்பு இருந்தது. தாண்டினால் வட்டில் இடமில்லை என்று பிழைச்செய்தி வரும், வட்டில் பாதி காலியாக இருந்தாலும். 2021இல் வந்த 5.11 கெர்னல் இந்த வரம்பை நினைவகத்தின் அளவுக்கேற்பத் தானே கூட்டிக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காவல் இந்தக் கெர்னல் வழியாக நடந்த மாற்றத்தை மட்டுமே பார்க்கும். கீழே செட்டர் எக்ஸ்பியில் சேமித்தது மாடியிலிருக்கும் உபுண்டுவின் காவலுக்குத் தெரியவே தெரியாது. அதை எந்த அப்டேட்டின் மேலும் பழி போட முடியாது, முன்பும் அப்படித்தான்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொள்முதல்' என்று ஒரு கோப்பு. யூனிகோடில் 'கொ'வை எழுத இரண்டு வழி. ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடு, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை எல்லாப் பெயரையும் பிரித்த வடிவிலேயே எழுதும். எக்ஸ்ட்4 கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒத்திசைவு நடந்தால் ஒரே பெயரில் இரண்டு 'கொள்முதல்' பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றை அழித்தால் மறுநாள் திரும்ப வரும். ஆர்சிங்கில் எழுத்துக் குறியாக்க மாற்றத்துக்கென்று உள்ள 'ஐகான்வ்' விருப்பம் இதைத் தீர்க்கும்.

எக்ஸ்ட்4க்கும் 2019இல் 5.2 கெர்னலில், விரும்பினால் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் பார்க்காமல் யூனிகோடு சமானத்தையும் கணக்கில் கொண்டு பெயர்களைத் தேடும் வசதி வந்தது. 2024 இறுதியில் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சில குறியீடுகளைப் பெயரில் கண்டுகொள்ளாமல் விட்டுவந்தது தவறு என்பதால் இனிக் கணக்கில் எடுக்கலாம் என்று முடிவு. கோட்பாட்டளவில் சரி. ஆனால் பெயரிலிருந்து கணக்கிட்ட எண்கள் ஏற்கெனவே வட்டுகளில் எழுதிக் கிடந்தன. புதிய கெர்னல் வேறு எண்ணைக் கணக்கிட்டது, கோப்பு பட்டியலில் தெரிந்தும் திறக்க முடியாமல் போனது. டிசம்பரில் டோர்வால்ட்ஸே அந்தத் திருத்தத்தை நீக்கினார். வட்டில் எழுதிவிட்ட தவறோடு வாழ்ந்துதான் ஆக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

கெர்னலே தப்பு செய்வதும் உண்டு. 2023 டிசம்பரில் டெபியன் லினக்ஸின் 12.3ஆம் பதிப்பு வெளியாக இருந்த நாளில், அதோடு போகவிருந்த 6.1.64 கெர்னல் எக்ஸ்ட்4இல் தரவைச் சிதைப்பது தெரியவந்தது. புதிய பதிப்புக்காக எழுதிய ஒரு மாற்றத்தைப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவந்தபோது அதற்குத் துணையான மாற்றம் விட்டுப்போயிருந்தது. 12.3ஐ நிறுத்திவிட்டு, சரிசெய்த கெர்னலோடு டிசம்பர் 10 அன்று 12.4ஐ வெளியிட்டார்கள். இப்படிப்பட்டவை அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் முதலில் கெர்னலைக் குற்றம் சொல்லும் பழக்கம் உதவாது.

கெர்னலைக் குற்றம் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஊகம் தேவையே இல்லை, சோதித்தே பார்க்கலாம். விண்டோஸில் இல்லாத வசதி இது. உபுண்டு முந்தைய கெர்னலை அழிக்காமல் வைத்திருக்கும், ஃபெடோரா இயல்பாக 3 கெர்னல்கள் வரை வைத்திருக்கும். கணினி எழும்போது கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழையதைத் தேர்ந்தெடுத்து எழுப்புங்கள். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, கெர்னல் மட்டும் மாறியிருக்கும். கோளாறு மறைந்தால் காரணம் கெர்னல் மாற்றத்தில்தான் இருக்கிறது. மறையாவிட்டால் அப்டேட்டோடு வந்த வேறு ஏதோ ஒன்று, அல்லது அன்று தற்செயலாகச் செத்த கேபிள். ஆனால் இதைச் செய்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று, தானாக ஓடும் ஒத்திசைவு வேலை அத்தனையையும் நிறுத்தி வைப்பது. காரணம் தேடிக்கொண்டிருக்கும்போது மாடியில் 11 மணி ஸ்கிரிப்ட் ஓடி காலி ஃபோல்டரைப் பேக்கப்பில் ஏற்றிவிடக் கூடாது. பிறகு மவுன்ட் ஆகியிருக்கிறதா, கெர்னல் பதிவேடு என்ன சொல்கிறது, நேர வித்தியாசம் எவ்வளவு, பெயரின் பைட்டுகள் ஒன்றுதானா என்று பார்க்கலாம். ஆர்சிங்கை 'டிரை-ரன்' என்று ஓட்டினால் எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் பட்டியல் போடும். அதில் 'டிலீட்டிங்' என்ற வரிகள் நீளமாக ஓடினால் கையை எடுத்துவிடுங்கள்.

பழைய கெர்னலிலேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது, மெல்ட்டவுன் போன்ற ஓட்டைகளுக்கான திருத்தம் அதில் கிடைக்காது. தற்காலிக வழிகளும் நிலைப்பதில்லை. 4.13இல் 'வெர்ஸ்=1.0' போட்டுத் தப்பித்தவர்களில் பழைய சேமிப்புப் பெட்டிகள் வைத்திருந்த சிலர், 2021 அக்டோபர் கடைசியில் 5.15 வந்தபோது மறுபடி மாட்டினார்கள். அந்தப் பெட்டிகளுக்குத் தெரிந்த ஒரே கடவுச்சொல் முறையான என்டிஎல்எம் முதல் பதிப்பைக் கெர்னல் அடியோடு நீக்கியிருந்தது. இந்தமுறை திரும்ப வாங்க விருப்பம் எதுவும் இல்லை. சாம்பாவும் 2019இல் தன் 4.11ஆம் பதிப்பிலிருந்து எஸ்எம்பி முதல் பதிப்பை இயல்பாக அணைத்துவைத்துவிட்டது. இருக்கிற வசதி எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை.

செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ்பி கணினியைத் தனி வலைக்கு மாற்றுங்கள். கெர்னல் அப்டேட்டை ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை போடுங்கள், வேலைநாள் சாயங்காலம் போடாதீர்கள். திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் தொடங்குமுன் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு புரோகிராமை எடுத்துத் திறந்து, மெஷினில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.